டிஜிட்டல் பாடப்பொருள் உருவாக்கம்: இணையவழிப் பயிற்சியில் சேரும் மொழியாசிரியருக்கு ஒரு வழிகாட்டி

டிஜிட்டல் பாடப்பொருள் உருவாக்கும் இணையவழிப் பயிற்சியில் சேரும் மொழியாசிரியர் பலர், எந்தச் செயலியைக் கற்றுத் தரப் போகிறார்கள் என்ற கேள்வியோடுதான் முதல் நாள் அமர்கிறார்கள். அந்தக் கேள்வியோடு நுழைபவர் பத்துக் கருவிகளின் பெயர்களைத் தெரிந்துகொண்டு வெளியே வருவார். மாணவர் கையில் கொடுக்கத்தக்க பாடம் ஒன்றும் அவரிடம் இருக்காது. தாம் ஏற்கெனவே வகுப்பில் நடத்திவரும் ஒரே ஒரு பாடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அதை டிஜிட்டல் வடிவில் செய்து முடிப்பதற்காகவே பயிற்சியைப் பயன்படுத்துபவர், அதற்கு வேண்டிய கருவிகளைப் போகிற போக்கில் கற்றுக்கொண்டுவிடுவார். இந்த இரண்டாவது வழியில் நடக்க விரும்புபவர்களுக்காகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது. தமிழில் தட்டச்சு செய்யவும் கோப்புகளைச் சேமித்து அனுப்பவும் தெரிந்தால் தொடங்குவதற்கு அதுவே போதும்.

பயிற்சியைத் தேர்ந்தெடுத்தல்

பாடத்திட்டத்தைப் படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, பயிற்சியின் முடிவில் நீங்கள் எதை ஒப்படைக்க வேண்டும் என்பதைத்தான். முழுமையான பாடப்பொருள் ஒன்றைச் செய்து ஒப்படைக்கவும், அதைப் பயிற்றுநரோ உடன் பயில்பவரோ பார்த்துக் கருத்துச் சொல்லவும் வழி இருந்தால் அப்பயிற்சி நேரத்துக்கு ஈடானது. காணொளிகளைப் பார்த்து முடித்ததும் சான்றிதழ் தரும் பயிற்சிகள் ஓர் அறிமுகமாக உதவலாம். உருவாக்கும் திறன் அவற்றால் வராது. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் வெளியிட்ட கல்வியாளர்களுக்கான டிஜிட்டல் திறன் சட்டகம், பாடப்பொருள் பற்றிய திறன்களை மூன்றாகப் பிரிக்கிறது: ஏற்கெனவே உள்ளவற்றிலிருந்து பொருத்தமானதைத் தேர்ந்தெடுத்தல், உருவாக்குதலும் திருத்தி அமைத்தலும், பாதுகாத்து நிர்வகித்துப் பகிர்தல். நீங்கள் பார்க்கும் பாடத்திட்டம் இம்மூன்றையும் தொடுகிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். நடுவில் உள்ளதை மட்டும் கற்பிக்கும் பயிற்சிகளே மிகுதியாக இருப்பதால், முதலாவதையும் மூன்றாவதையும் நீங்களே சேர்த்துக்கொள்ள வேண்டி வரும்.

குறித்த நேரத்தில் நேரலையாக நடக்கும் வகுப்பா, வசதிப்பட்ட நேரத்தில் பார்க்கும் பாடங்களா என்பதும் முக்கியம். பெருந்திரளாக ஆட்களைச் சேர்க்கும் திறந்த இணையவழிப் படிப்புகளில், சேர்ந்தவர்களில் சிறு பகுதியினரே இறுதிவரை போகிறார்கள் என்பது பல ஆண்டுகளாகப் பதிவாகிவரும் செய்தி. எனவே தானாகக் கற்கும் பயிற்சியைத் தேர்ந்தெடுத்தால், வாரத்தில் எந்த நாளில் எந்த நேரத்தில் அமரப் போகிறீர்கள் என்பதைச் சேரும்போதே குறித்துவையுங்கள். முடிந்தால் அதே பாடத்தைக் கற்பிக்கும் இன்னோர் ஆசிரியரோடு சேர்ந்தே பதிவு செய்யுங்கள். முதல் வாரத்தில் அறிமுகம், கடவுச்சொல், குழுவில் ஒரு வரி எழுதுதல் என்று சிறு சிறு வேலைகளையே கொடுப்பது வீணாகத் தோன்றலாம். இணையவழிக் கற்றலை ஐந்து நிலைகளாக விளக்கிய கில்லி சால்மன், உள்ளே நுழைந்து பழகுவதையும் பிறரோடு அறிமுகமாவதையும் முதல் இரண்டு நிலைகளாக வைத்தது காரணத்தோடுதான். அந்த வாரத்து வேலைகளைச் செய்யாமல் விட்டுவிடுபவர்கள், பின்னால் உதவி தேவைப்படும்போது யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்றுவிடுகிறார்கள்.

ஒரு பாடம், ஒரு செயல்

பயிற்சி தொடங்கும் முன்பே பாடத்தைத் தீர்மானித்துவிடுங்கள். எடுத்துக்காட்டாக, தமிழை இரண்டாம் மொழியாகக் கற்கும் தொடக்கநிலை மாணவர்களுக்கு 'வழி கேட்டல்' என்ற பாடத்தை எடுத்துக்கொள்வோம். "மாணவர் திசைச் சொற்களை அறிவார்" என்று நோக்கத்தை எழுதினால், அதிலிருந்து பிறப்பது ஒரு சொற்பட்டியலாகவே இருக்கும். "மாணவர் நூலகத்துக்கு வழி கேட்பார், மறுமொழியாகச் சொல்லப்படும் மூன்று வாக்கியங்களைக் கேட்டு, வரைபடத்தில் நூலகத்தைக் குறிப்பார்" என்று எழுதினால், உங்களுக்கு என்னென்ன வேண்டும் என்பது அந்த வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது: ஒரு வரைபடம், ஓர் ஒலிப்பதிவு, குறிக்கத்தக்க இடங்கள், மாணவர் தம் குரலைப் பதிவு செய்ய ஒரு வசதி. மொழித்திறனை 'ஏ1' முதல் 'சி2' வரை ஆறு நிலைகளாகப் பிரிக்கும் ஐரோப்பியப் பொதுச் சட்டகம், ஒவ்வொரு நிலையையும் 'இதைச் செய்ய முடியும்' என்ற வடிவில்தான் விளக்குகிறது. எளிய வழிக்குறிப்பைக் கேட்டுப் பின்பற்றுவது அதில் தொடக்கமான 'ஏ1' நிலையிலேயே வருகிறது. எந்த மொழியைக் கற்பித்தாலும் அந்த வாக்கிய வடிவத்தை இரவலாக எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, திரைகளைக் காகிதத்தில் வரையுங்கள். ஒரு தாளில் ஆறு கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் மாணவர் எதைப் பார்ப்பார், எதைக் கேட்பார், என்ன செய்வார், செய்தபின் அவருக்கு என்ன சொல்லப்படும் என்று நான்கு வரிகளில் எழுதுங்கள். மூன்றாவது வரி வெறுமையாக இருக்கும் கட்டங்கள் உங்கள் பாடத்தில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அவை மாணவர் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும் திரைகள். அடுத்தடுத்து இரண்டுக்கு மேல் வந்தால் பாடத்தைத் திருத்த வேண்டும்.

எழுத்து

தமிழ்ப் பாடத்தை ஒருங்குறியில் (யூனிகோட்) மட்டுமே தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருக் குறியாக்கங்களில் இருக்கும் வினாத்தாள்களையும் பாடக்குறிப்புகளையும் ஒருங்குறிக்கு மாற்றிய பின்பே கருவிக்குள் கொண்டுவர வேண்டும். இல்லையெனில் உங்கள் கணினியில் தெரியும் தமிழ் மாணவர் திறன்பேசியில் பொருளற்ற குறிகளாகிவிடும். மாற்றி முடித்ததும் ஒருமுறை முழுவதையும் படித்துப் பாருங்கள். பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுக்கும்போதும் உயிர்மெய்க் குறிகள் இடம் மாறுவது வழக்கம் என்பதால் அதே கவனம் அங்கும் வேண்டும்.

பிழையில்லாமல் தெரியும் எழுத்துக்குள்ளும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கலாம். 'கொ' என்ற எழுத்தை ஒருங்குறியில் இருவகையாகச் சேமிக்க முடியும்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று; எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இவ்விரண்டும் சமம் என்று ஒருங்குறித் தரம் சொன்னாலும், இரண்டையும் ஒரே வடிவுக்கு மாற்றிக்கொள்ளாமல் விடையை ஒப்பிடும் கருவியில் மாணவர் சரியாக எழுதிய 'கொடு' தவறு என்று காட்டப்படலாம். 'ஔ' என்ற எழுத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டுவதாலும் இதே தொல்லை வரும். ஆகவே மாணவர் தட்டச்சு செய்து விடை தரும் வினாக்களை வேறு இரண்டு விசைப்பலகைகளில் எழுதிப் பார்த்துச் சோதியுங்கள். பயிற்றுநர் பிறமொழியாசிரியராக இருந்தால் இதை அவர் சொல்லித்தர வாய்ப்பில்லை.

ஒலிப்பதிவு

காணொளியோடு தொடங்க வேண்டாம் என்பதே என் பரிந்துரை. ஒரு நிழற்படமும் தெளிவான குரலும் சேர்ந்தாலே மொழிப்பாடத்துக்கு வேண்டிய பெரும்பகுதி கிடைத்துவிடும். காணொளியைவிட மிகக் குறைந்த நேரத்தில் அதைச் செய்துவிடலாம். குரலோ மொழியாசிரியருக்குத் தவிர்க்க முடியாதது. பிற பாடங்களில் ஒலி விளக்கத்துக்குத் துணையாக வருகிறது. மொழியில் ஒலியே பாடம்.

திறன்பேசியே பதிவுக்குப் போதும். துணிகளும் திரைச்சீலைகளும் உள்ள சிறிய அறை எதிரொலியைக் குறைக்கும். விசிறியை நிறுத்திவிட்டு, கருவியை வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில், மூச்சுக்காற்று நேராகப் படாதபடி சற்றுப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளுங்கள். பேசத் தொடங்கும் முன் ஐந்து விநாடி அமைதியாக இருந்து அந்த அமைதியையும் பதிவு செய்யுங்கள். ஒலித்தொகுப்புக்குப் பரவலாகப் பயன்படும் இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் இரைச்சலை நீக்குவதற்கு, இரைச்சல் மட்டும் உள்ள ஒரு பகுதியை முதலில் தேர்ந்தெடுத்துக் காட்ட வேண்டும்; அந்த ஐந்து விநாடி அதற்குத்தான். இரைச்சல் நீக்கத்தை மிகையாகச் செய்தால் மெல்லின ஒலிகளும் சொல்லிறுதி ஒலிகளும் தேய்ந்துவிடும். 'பல்', 'பள்', 'பழு' போன்ற சொற்களில் ஒலிவேறுபாட்டைக் கேட்டறிய வேண்டிய மாணவருக்கு, கொஞ்சம் இரைச்சலோடு வரும் இயல்பான குரல் எவ்வளவோ மேலானது.

மூலப்பதிவைச் சுருக்கப்படாத வேவ் (WAV) வடிவத்தில் வைத்துக்கொண்டு, மாணவருக்கு எம்பி3 வடிவத்தில் கொடுங்கள். ஒற்றைத் தடத்தில் விநாடிக்கு 64 கிலோபிட் வீதம் சேமித்தால் ஒரு நிமிடப் பேச்சு ஏறத்தாழ 480 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். அதே பதிவு வேவ் வடிவத்தில் 5 மெகாபைட்டுக்கு மேல் வரும். இணைப்பு மெதுவாக உள்ள மாணவர்களுக்கு இந்த வேறுபாடு பாடம் திறக்குமா திறக்காதா என்பதையே தீர்மானிக்கிறது.

பேசும் வேகம் பற்றி ஒரு சொல். தொடக்கநிலையினருக்காகச் சொல்லைச் சொல்லாகப் பிய்த்து உச்சரிப்பதும், பதிவைக் கருவியால் மெதுவாக்குவதும் வேண்டாம். வாக்கியத்தை இயல்பான ஓசையில் சொல்லி, வாக்கியங்களுக்கிடையே இடைவெளியை நீட்டுங்கள். முடிந்தால் இரண்டு பேர் குரலில் பதிவு செய்யுங்கள். ஒரே ஆசிரியரின் குரலுக்குப் பழகிய மாணவர், வேறொருவர் அதே வாக்கியத்தைச் சொல்லும்போது தடுமாறுவதை ஆசிரியர் அனைவரும் கண்டிருப்போம்.

கேட்கும் வாக்கியத்தைத் திரையிலும் எழுதிக் காட்டலாமா? பல்லூடகக் கற்றலை ஆராய்ந்த ரிச்சர்டு மேயர், படத்தோடு வரும் பேச்சை அப்படியே எழுத்திலும் காட்டுவது பொதுவாகக் கற்றலுக்கு இடையூறு என்று கண்டார். ஆனால் அந்த மொழியே புதிதாக இருப்பவருக்கு எழுத்து கைகொடுக்கும் இடமும் உண்டு. நான் பரிந்துரைக்கும் ஒழுங்கு இது: முதல் தடவை எழுத்தில்லாமல் கேட்கச் செய்து ஒரு வினாவுக்கு விடை வாங்குங்கள், அதன் பின்னரே எழுத்தைத் திறக்கும் பொத்தானைக் கொடுங்கள். எழுத்து முதலிலேயே இருந்தால் மாணவர் படித்துவிடுவார். காது வேலை செய்யாது.

பயிற்சி வினாக்கள்

பெரும்பாலான பயிற்சிகளில், மாணவர் திரையிலேயே விடையளிக்கும் பயிற்சிகளைச் செய்ய உதவும் எச்5பி (H5P) என்ற திறந்தமூலக் கருவியைச் சந்திப்பீர்கள். மூடுல் என்ற கற்றல் தளத்துக்குள்ளும், வலைத்தளங்களை அமைக்க உதவும் வேர்ட்பிரஸ், துரூபல் ஆகியவற்றுக்குள்ளும் இது இயங்கும். சொந்தத் தளம் இல்லாதவர் லூமி என்ற இலவசச் செயலியைக் கணினியில் நிறுவியும் இதே வகைப் பாடங்களைச் செய்யலாம். இதில் உள்ள வகைகள் பல. தொடங்குபவருக்கு மூன்று போதும்: கோடிட்ட இடத்தை நிரப்புதல், சொற்களை இழுத்து வைத்தல், உரையாடல் அட்டைகள் (திருப்பிப் பார்க்கும் இருபக்க அட்டைகள்). இவற்றை நன்றாகக் கையாளத் தெரிந்த பிறகு, காணொளியின் நடுவே வினா வைப்பதையும் மாணவர் தேர்வுக்கேற்பக் கதை பிரிந்து செல்வதையும் கற்றுக்கொள்ளுங்கள்.

நிரப்பும் வினாவில் விடைச்சொல்லின் இருபுறமும் உடுக்குறி (*) இட்டால் அந்த இடம் வெற்றிடமாகிவிடும். ஏற்கத்தக்க மாற்று விடையைச் சாய்கோட்டுக்குப் (/) பின்னும், சிறு குறிப்பை முக்காற்புள்ளிக்குப் (:) பின்னும் எழுதலாம். தமிழில் மாற்று விடைகள் மிகுதி என்பதால் இந்தச் சாய்கோட்டைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். 'நூலகத்துக்கு', 'நூலகத்திற்கு' இரண்டும் சரி. 'இடப்பக்கம்', 'இடதுபக்கம்' இரண்டும் சரி. ஒன்றை மட்டும் ஏற்கும் வினா, சரியான தமிழ் எழுதிய மாணவருக்குத் தவறு என்று சொல்லும். அப்படி ஒருமுறை நடந்தாலும் அவர் கருவியையும் நம்ப மாட்டார், தம் மொழியறிவையும் நம்ப மாட்டார்.

வேற்றுமை உருபை மட்டும் வெற்றிடமாக்க விரும்பினால் தமிழ் எழுத்து அதற்கு இடம் தராது. 'நூலகத்தை' என்பதில் ஐ உருபு தகரத்தின் மேல் ஏறிய குறியாக நிற்கிறது. அதைப் பிரித்தெடுத்தால் திரையில் புள்ளிவட்டத்தோடு தனித்து நிற்கும் ஓர் ஐகாரக் குறிதான் மிஞ்சும். எனவே சொல்லை முழுமையாக வெற்றிடமாக்கி, அடிச்சொல்லை அருகில் கொடுத்து, உரிய வடிவில் எழுதச் சொல்லுங்கள்.

சிறு எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும் ஓர் அமைப்பும் அக்கருவியில் உண்டு. கருத்தறி வினாக்களில் அதைத் திறந்துவைப்பது நல்லது. ல, ள, ழ வேறுபாட்டையோ ர, ற வேறுபாட்டையோ சோதிக்கும் வினாவில் அதைக் கட்டாயம் மூடிவிட வேண்டும்; 'மலை' என்று எழுத வேண்டிய இடத்தில் 'மழை' என்று எழுதினாலும் ஓரெழுத்துப் பிழைதானே என்று கருவி மதிப்பெண் கொடுத்துவிடும்.

எல்லாவற்றையும்விட அதிக நேரம் செலவிட வேண்டியது, விடைக்குப் பின் மாணவர் காணும் மறுமொழியில். 'தவறு, மீண்டும் முயல்க' என்பது கருவி தானாகவே தரும் வாசகம். அதற்கு ஓர் ஆசிரியர் தேவையில்லை. மாணவர் எந்தத் தவறான விடையைத் தேர்ந்தெடுப்பார் என்பதும், ஏன் தேர்ந்தெடுப்பார் என்பதும் உங்களுக்கே தெரியும். வகுப்பறை உங்களுக்குத் தந்த அந்த அறிவு எந்தக் கருவியிடமும் இல்லை. வரைபட வினாவில் மாணவர் அஞ்சலகத்தைச் சுட்டினால், அவர் முதல் திருப்பத்தைச் சரியாகப் பிடித்து இரண்டாவதில் இடம் வலத்தை மாற்றிக்கொண்டார் என்று பொருள். "முதல் திருப்பம் சரி. 'வலப்பக்கம்' என்ற சொல் எந்தத் தெருவுக்குப் பின் வருகிறது என்று மறுபடி கேளுங்கள்" என்று எழுதுங்கள். ஒவ்வொரு தவறான விடைக்கும் இப்படி ஒரு வரி எழுதத் தெரியவில்லையென்றால், அந்த விடைத்தேர்வு ஒரு காரணமும் இல்லாமல் அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. அதை நீக்கிவிட்டு வகுப்பில் உண்மையாகவே நேரும் ஒரு பிழையை அங்கே வையுங்கள்.

இத்தகைய வினாக்கள் அனைத்தும் அறிந்துகொள்ளுதலைச் சோதிப்பவை. பேச வைப்பவை அல்ல. ஆகவே ஒவ்வொரு பாடமும் கருவி திருத்த முடியாத ஒரு வேலையில் முடிய வேண்டும். மாணவர் தம் வீட்டிலிருந்து பள்ளிக்கு வழி சொல்லி ஒரு நிமிடம் பதிவு செய்து அனுப்பலாம். வகுப்புத் தோழர் அதைக் கேட்டு வரைபடம் வரையலாம். திருத்தும் சுமை கூடுகிறதே என்று இதை விட்டுவிட்டால், மீதமிருப்பது வினாத்தாளே.

உரை, படம், குரல் ஆகியவற்றை உருவாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் இப்போது பயிற்சிகளில் இடம்பெறுகின்றன. ஒரே உரையாடலைப் பல வடிவங்களில் எழுதித் தரச்சொல்லவும், வினாக்களின் முதல் வரைவுக்கும் அவை பயன்படும். ஆனால் தொடக்கநிலைக்கு என்று கேட்டாலும் கடினமான சொற்கள் புகுந்துவிடும். பேச்சுத்தமிழும் எழுத்துத்தமிழும் ஒரே வாக்கியத்தில் கலந்துவிடும். வரிவரியாகப் படித்துத் திருத்தாத எதையும் மாணவருக்குக் கொடுக்க வேண்டாம். மாணவர்களின் பெயர், குரல், விடைத்தாள் ஆகியவற்றை அக்கருவிகளுக்குள் இடவும் வேண்டாம்.

பிறர் படைப்பைப் பயன்படுத்துதல்

தேடுபொறியில் கிடைத்த படம் என்பதாலேயே அது பொதுச்சொத்தாகிவிடாது. கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு 2002 முதல் வெளியிட்டுவரும் உரிமங்கள் இங்கே உதவுகின்றன. ஆறு உரிமங்களும் நான்கு நிபந்தனைகளின் சேர்க்கைகளே: படைத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும், தழுவினால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும், வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, மாற்றியமைத்துப் பகிரக் கூடாது. இவற்றுள் நான்காவது நிபந்தனை உள்ள படைப்புகளைப் பாடம் செய்வோர் தவிர்ப்பதே நல்லது. ஒரு கதையை மொழிபெயர்த்தோ சுருக்கியோ பகிர்வதை அது தடுத்துவிடும். எடுத்த ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, படைத்தவர், கிடைத்த இடம், உரிமம் ஆகிய நான்கையும் எடுக்கும்போதே ஓர் அட்டவணையில் எழுதிவையுங்கள். பாடம் முடிந்த பிறகு தேடினால் கிடைக்காது. மாணவர் குரலையோ முகத்தையோ பாடத்தில் சேர்த்தால் அவரிடமும், சிறுவராயின் பெற்றோரிடமும் எழுத்துமூலம் ஒப்புதல் பெற வேண்டும்.

சோதித்தல்

செய்த பாடத்தை ஒரு மாணவரிடம் கொடுத்து, அருகில் அமர்ந்து, வாய் திறக்காமல் பாருங்கள். எங்கே தயங்குகிறார், எந்தப் பொத்தானைத் தேடுகிறார், எந்த அறிவுறுத்தலை இரண்டாம் முறை படிக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். விளக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும் ஒவ்வோர் இடமும் பாடத்தில் திருத்த வேண்டிய இடம். தொலைவில் உள்ள மாணவராயின் திரைப்பகிர்வில் இதைச் செய்யலாம். இரண்டு மூன்று மாணவரிடம் பார்த்தாலே பெரிய குறைகள் வெளிப்பட்டுவிடும்.

சிறிய திறன்பேசித் திரையில் பாடத்தைத் திறந்து பாருங்கள். தமிழ் எழுத்துகளில் கொம்பும் சுழியும் நெருங்கி வருவதால், ஆங்கிலத்துக்குப் போதுமான எழுத்தளவு தமிழுக்குப் போதாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல்தன்மை வழிகாட்டுதலில் சாதாரண எழுத்துக்கு விதிக்கப்பட்ட அளவு. அதைக் கணக்கிட்டுச் சொல்லும் இலவசக் கருவிகள் உண்டு. சரிக்குப் பச்சையும் தவறுக்குச் சிவப்பும் மட்டும் காட்டினால் நிறம் பிரித்தறிய இயலாதவருக்கு இரண்டும் ஒன்றே. கூடவே ஒரு சொல்லையோ குறியையோ சேருங்கள். படத்துக்கு மாற்றுரையும் (படத்தைச் சொற்களில் விளக்கும் வரி) காணொளிக்கு வசன வரிகளும் எழுதுங்கள். தானியங்கி வசன வரிகளை அப்படியே விட்டுவிடக் கூடாது. மொழிப்பாடத்தில் அவற்றின் பிழை மாணவரின் பிழையாகிவிடும்.

பாதுகாத்தல்

அடோபி நிறுவனம் பிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை 2020 டிசம்பர் 31 அன்று நிறுத்தியபோது, அதில் செய்யப்பட்டிருந்த எண்ணற்ற மொழிப்பாடங்களும் விளையாட்டுகளும் உலாவிகளில் திறக்காமல் போயின. ஒரு நிறுவனத்தின் தளத்துக்குள் மட்டுமே வாழும் பாடங்களுக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. ஆகவே கருவியைத் தேர்ந்தெடுக்கும்போதே, செய்த பாடத்தைக் கோப்பாக வெளியே எடுக்க முடியுமா என்று பாருங்கள். அதற்கும் மேலாக, பாடத்தின் உரையை எளிய எழுத்துக்கோப்பிலும், ஒலிகளையும் படங்களையும் அவற்றின் மூலவடிவிலும், காகிதத்தில் வரைந்த கட்டங்களின் நிழற்படத்தையும் ஒரே கோப்புறையில் வையுங்கள். கோப்பின் பெயரில் பாடம், நிலை, தேதி மூன்றும் இருக்கட்டும். அந்தக் கோப்புறையின் நகலை வேறோர் இடத்திலும் வைத்துக்கொண்டால், கருவி மறைந்துபோனாலும் வேறொன்றில் பாடத்தை ஓரிரு நாளில் மீண்டும் கட்டிவிடலாம்.

பயிற்சியின் இறுதி வாரத்தில் ஒப்படைக்கும்போது, பாடத்தோடு ஒரு பக்கக் குறிப்பையும் சேருங்கள்: எந்த நிலை மாணவருக்கு, எவ்வளவு நேரம் ஆகும், முன்னதாக என்ன தெரிந்திருக்க வேண்டும், மாணவர் சோதனையில் எதைக் கண்டு எதை மாற்றினீர்கள். உங்கள் பாடத்தைத் தம் வகுப்புக்கு எடுத்துச் செல்ல விரும்பும் இன்னோர் ஆசிரியர் முதலில் படிப்பது அதைத்தான். அவர் தாராளமாகத் திருத்தி அமைக்கலாம் என்று விரும்பினால், உங்கள் பாடத்துக்கும் ஓர் உரிமத்தைத் தேர்ந்தெடுத்து அதே பக்கத்தில் எழுதிவிடுங்கள். உரிமம் எழுதப்படாத பாடத்தைப் பிறர் தொடத் தயங்குவார்கள்.